வந்துட்டா? வந்துட்டா? – ஒரு ஆண்டெனா வரலாறு

போன மாதம் வீட்டில் கேபிள் இணைப்பை வெட்டியாகிவிட்டது. பிள்ளைகள் டிவி முன்னால் உட்காருவதே இல்லை, எல்லாம் ஃபோனில்தான். சும்மா கிடக்கிற பெட்டிக்கு மாசாமாசம் எதற்குத் தண்டம் அழ வேண்டும் என்று தங்கமணி கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் அப்பா வந்திருக்கிறார். திருவனந்தபுரத்திலிருந்து ஆறு மாதத்துக்கு. எண்பது தாண்டியவர். சிகாகோ குளிரில் வெளியே போக முடியாது, நியூஸ் பார்க்காமல் இருக்கவும் முடியாது. சரி என்று ஒரு சின்ன ஆண்டெனா வாங்கி வந்து பரணில் ஏறினேன்.

நான் பரணில். அப்பா கீழே டிவி முன்னால்.

"வந்துட்டாப்பா?"

"இல்ல."

"இப்போ?"

"இல்ல டே... ஆங், வந்துட்டு! வந்துட்டு! ...போச்சு."

என் பெண்ணுக்கு ஒரே சிரிப்பு. "அப்பா, டவர் எந்தப் பக்கம்னு காட்ட ஆப் இருக்கு" என்றாள். இருக்கிறதுதான். ஆனால் அந்தக் கேள்வி பதிலில் நானும் அப்பாவும் நாற்பது வருஷம் பின்னால் போய் விழுந்ததை எந்த ஆப்பும் காட்டாது. அன்றைக்கு அவர் மேலே, நான் கீழே. அவ்வளவுதான் வித்தியாசம்.

கொசுவத்தி சுத்தப் போகிறேன் என்று புரிந்திருக்கும் :-) கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் விஞ்ஞானம், கொஞ்சம் எங்கள் வீட்டுக் கதை. பொறுமையாகப் படியுங்கள்.

தும்பா இருந்தும் டிவி இல்லாத ஊர்

எங்களுக்குப் பூர்வீகம் நாகர்கோவில் பக்கம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது ஊர் அந்தப் பக்கம் போனது, பாட்டாவின் வேலை இந்தப் பக்கம் இருந்தது. (நாஞ்சில் நாட்டில் தாத்தாவைப் பாட்டா என்போம். செருப்புக் கம்பெனி இல்லை!) அப்படியே கரமனையில் தங்கிவிட்டோம். அப்பாவும் அங்கேயே ஏஜீஸ் ஆபீஸில் சேர்ந்தார். திருவனந்தபுரத்தில் தமிழ் பேசும் குடும்பங்களுக்குக் குறைவே கிடையாது. கரமனை அக்ரகாரம், கோட்டைக்குள், சாலைக் கம்போளத்துக் கடைகள் என்று எங்கு திரும்பினாலும் தமிழ் காதில் விழும். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ். அந்தக் கலவையில் வளர்ந்தவன் நான்.

இந்தியாவின் டிவி கனவுக்கும் எங்கள் ஊருக்கும் ஒரு வினோதமான உறவு உண்டு. 1963 நவம்பர் 21-ஆம் தேதி தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. அதற்குப் பின்னால் நின்றவர் விக்ரம் சாராபாய். ஊர் ஊராக டவர் கட்டிக்கொண்டு போனால் காலம் போதாது, செயற்கைக்கோள் மூலம் நேரே கிராமத்துக்கே டிவியைக் கொண்டுபோகலாம் என்று விடாமல் வாதாடியவர் அவர். 1969-ல் நாசாவோடு ஒப்பந்தமும் ஆனது. ஆனால் 1971 டிசம்பர் 30-ஆம் தேதி அவர் கோவளத்தில், கடலோரத்து ஹால்சியன் கோட்டையில், தூக்கத்திலேயே காலமானார். அவர் நினைத்தது 1975 ஆகஸ்ட் 1-ஆம் தேதி 'சைட்' என்ற பெயரில் நடந்தது. அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை ஒரு வருஷம் வாங்கி, ஆறு மாநிலங்களில் 2400 கிராமங்களுக்கு டிவி காட்டினார்கள். ஆந்திரா, கர்நாடகா, ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான். கேரளாவும் தமிழ்நாடும் அந்தப் பட்டியலில் இல்லை.

டெல்லியில் 1959 செப்டம்பர் 15-லேயே பரிசோதனையாக டிவி வந்துவிட்டது. பம்பாய்க்கு 1972. சென்னைக்கு 1975 ஆகஸ்ட் 15. அதே 1975-ல் கொழும்பில் வசித்த ஆர்தர் சி. கிளார்க் வீட்டில் நம் இஸ்ரோ எஞ்சினியர்கள் போய் ஒரு டிஷ் அமைத்துக் கொடுத்தார்கள். சைட் நிகழ்ச்சிகளை அவர் கொழும்பில் உட்கார்ந்து பார்த்தார். அப்போது இலங்கையில் டிவி நிலையமே இல்லை. திருவனந்தபுரத்திலும் இல்லை. ராக்கெட் விடுகிற ஊரில் டிவி இல்லை, ராக்கெட் விடாத கொழும்பில் ஒரே ஒரு வீட்டில் இந்திய டிவி!

எங்கள் ஊருக்குத் தூர்தர்ஷன் வர 1982 ஆக வேண்டியிருந்தது. டெல்லியில் ஆசிய விளையாட்டு நடந்த வருஷம். ஆனால் அதற்கு முன்னாலேயே திருவனந்தபுரத்தில் சில வீட்டு மாடிகளில் ஆண்டெனா முளைத்துவிட்டது. அதுதான் நான் சொல்லவந்த கதை.

கடல் தாண்டி வந்த படம்

இலங்கையில் 1979-ல் ஐடிஎன் தொடங்கியது. 1982 பிப்ரவரி 15-ஆம் தேதி, ஜப்பான் கொடுத்த உதவியில், ரூபவாஹினி வந்தது. அதன் டிரான்ஸ்மிட்டரை நுவரெலியாவுக்குப் பக்கத்தில் பிதுருதலாகல மலை உச்சியில் வைத்தார்கள். அந்த நாட்டிலேயே உயரமான மலை, 2524 மீட்டர். அவர்கள் நாடு முழுக்கத் தெரிய வேண்டும் என்று வைத்தது, தூத்துக்குடி, திருநெல்வேலி, நாகர்கோவில் என்று நம் தென்கோடிக்கும் சேர்த்துத் தெரிந்தது. அந்தப் பக்கத்து ஆட்களைக் கேட்டுப் பாருங்கள், நாற்பது அடி, ஐம்பது அடி இரும்புப் பைப்பில் ஆண்டெனா கட்டி, நாலு பக்கமும் கம்பி இழுத்து நிறுத்திய கதையைச் சொல்வார்கள்.

எங்கள் தெருவில் முதலில் கட்டியவர் எதிர்வீட்டுக் கல்ஃப்காரர். துபாயில் வேலை. லீவுக்கு வரும்போது ஜப்பான் கலர் டிவி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். கேரளாவில் அந்தக் காலத்தில் பல வீடுகளில் டிவி நிலையம் வருவதற்கு முன்னால் டிவி பெட்டி வந்துவிட்டது. வாசல் அறையில் பூத்துணி போட்டு மூடி, ஷோகேஸ் பொம்மை மாதிரி இருக்கும். அதை உபயோகத்துக்குக் கொண்டுவந்தது ரூபவாஹினிதான். இலங்கையும் இந்தியாவும் ஒரே பால்-பி முறைதான், சேனலுக்கு 7 மெகாஹெர்ட்ஸ் அகலம்தான் என்பதால் எந்த மாற்றமும் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஆண்டெனாவைத் திருப்பினால் போதும்.

திருப்பினால் போதும் என்று எழுதிவிட்டேன். அங்கேதான் பாடே!

டிவி அலை கிட்டத்தட்ட நேர்க்கோட்டில் போகிறது. பூமி உருண்டை. அதனால் எவ்வளவு உயரத்திலிருந்து அனுப்பினாலும் ஒரு தூரத்துக்கு மேல் தரை மறைத்துவிடும். அதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. உயரத்தை மீட்டரில் எடுத்து வர்க்கமூலம் கண்டு 4.12-ஆல் பெருக்கினால், எவ்வளவு கிலோமீட்டர் என்று தெரியும். பிதுருதலாகல உச்சிக்கு 207 கிலோமீட்டர். நம் வீட்டு ஆண்டெனா கடல் மட்டத்திலிருந்து 30 மீட்டர் என்று வைத்தால் அதற்கு ஒரு 22. இரண்டையும் கூட்டினால் சுமார் 230. திருவனந்தபுரத்துக்கும் அந்த மலைக்கும் இடையே நேர்த்தூரம் சுமார் 450 கிலோமீட்டர். ஆக, கணக்குப்படி படம் வரவே கூடாது. (சென்னை இன்னும் தூரம், 600-க்கு மேல். தமிழ்நாட்டுத் தலைநகரைவிட எங்களுக்கு நுவரெலியா கிட்டம்!)

பிறகு எப்படி வந்தது? கடல்தான் காரணம். வெயில் காலத்தில் கடலுக்கு மேலே ஈரமான குளிர்ந்த காற்று ஓர் அடுக்காகவும், அதற்கு மேலே உலர்ந்த சூடான காற்று இன்னோர் அடுக்காகவும் நிற்கும். இரண்டுக்கும் நடுவில் அலை மாட்டிக்கொண்டால் மேலே தப்பிப் போகாமல், குழாய்க்குள் தண்ணீர் போகிற மாதிரி கடல் மேலேயே வளைந்து வளைந்து வெகுதூரம் போய்விடும். மன்னார் வளைகுடா இதற்கு வாகான இடம். காற்று மாறினால் குழாய் உடைந்துவிடும். அதனால்தான் ஒரு நாள் கண்ணாடி மாதிரி படம், மறுநாள் வெறும் புள்ளி. எங்களுக்கு அப்போது இந்தக் காரணமெல்லாம் தெரியாது. "இன்னைக்குக் கடல் நல்லா இருக்கு" என்று பாட்டா சொல்வார். மீன்பிடிக்கப் போகிறவர் மாதிரி!

மொட்டைமாடியில் நின்ற அந்த அலுமினியக் கம்பிகளுக்கு யாகி என்று பெயர். 1926-ல் ஜப்பானில் ஊடா, யாகி என்று இரண்டு பேர் கண்டுபிடித்தது. வேலையெல்லாம் செய்தவர் ஊடா, பெயர் நின்றது யாகிக்கு. அதில் சிக்னலை வாங்குவது ஒரே ஒரு கம்பிதான், அதன் நீளம் அலைநீளத்தில் பாதி. 200 மெகாஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் ஒன்றரை மீட்டர், கம்பி முக்கால் மீட்டர். பின்னால் இருப்பது கண்ணாடி மாதிரி திருப்பி அனுப்பும். முன்னால் வரிசையாக இருப்பவை பூதக்கண்ணாடி மாதிரி குவிக்கும். முன்கம்பிகள் கூடக்கூட பார்வை கூர்மையாகும், ஆனால் குறுகலாகும். பத்து டிகிரி விலகினால் படம் போச்சு. அதனால்தான் மேலே ஒரு ஆள், கீழே ஒரு ஆள், நடுவில் ஜன்னலில் ஒரு ஆள் என்று அஞ்சல் ஓட்டம்.

1982 கடைசியில் ஆசிய விளையாட்டைச் சாக்காக வைத்து அப்பாவும் ஒரு கறுப்பு வெள்ளை கெல்ட்ரான் டிவி வாங்கிவிட்டார். தபாலாபீஸில் லைசென்ஸ் கட்டி, அந்தப் புஸ்தகத்தை ரேஷன் கார்டோடு பத்திரமாக வைத்த காலம். ஒரு பைப்பில் இரண்டு ஆண்டெனா. ஒன்று உள்ளூர் தூர்தர்ஷனுக்கு, இன்னொன்று கிழக்கே கொஞ்சம் தெற்கு சாய்ந்து இலங்கைக்கு. தூர்தர்ஷனில் முழுக்க டெல்லிதான். ஹிந்தி. பாட்டாவுக்கும் ஆச்சிக்கும் ஓர் எழுத்து புரியாது. ரூபவாஹினியிலோ சிங்களம், இங்கிலீஷ், அப்புறம் கொஞ்ச நேரம் தமிழ். சிலோன் ரேடியோவில் கேட்டுப் பழகிய அந்தத் தமிழைப் பேசுகிற ஆட்களின் முகத்தைப் பார்க்க முடிந்தது என்பதே ஆச்சிக்குப் பெரிய அதிசயம். தமிழ்நாட்டுக்காரர்களாகிய நாங்கள், கேரளத்தில் உட்கார்ந்து, இலங்கையிலிருந்து தமிழ் பார்த்தோம்.

ஆச்சிக்கு இன்னொரு காரணமும் இருந்தது. பாட்டாவின் தம்பி, எங்கள் சின்னப்பாட்டா, கொழும்பில் புறக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். பதினாறு வயதில் போனவர். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து அப்படிக் கொழும்புக் கடைகளுக்குப் போனவர்கள் ஆயிரக்கணக்கில். அவரைக் கைக்குழந்தையிலிருந்து பார்த்தவர் ஆச்சி. டிவியில் கொழும்புத் தெருவைக் காட்டினால், கூட்டத்துக்குள் கண்ணை இடுக்கிப் பார்ப்பார். "அந்தா போறது அவன் நடை மாதிரி இல்ல?" நாங்கள் சிரிப்போம்.

1983 ஜூலை

அடுத்த வருஷம் ஜூலை 23-ஆம் தேதி யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் பதின்மூன்று சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். மறுநாள் இரவு கொழும்பு பொரளையில் தொடங்கியது. 25-ஆம் தேதி புறக்கோட்டை எரிந்தது. இதெல்லாம் தேதியோடு பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அந்த வாரம் எங்களுக்குத் தெரிந்தது, பிபிசி தமிழோசையில் கேட்டதும், தமிழ்ப் பேப்பரில் வந்ததும் மட்டும்தான். கொழும்பில் தமிழர் கடைகள் எரிகின்றன. எத்தனை பேர் செத்தார்கள் என்று தெரியவில்லை. டிரங்க் கால் புக் பண்ணி அப்பா இரண்டு நாள் டெலிஃபோன் ஆபீஸில் காத்திருந்தார். லைன் கிடைக்கவில்லை.

ஆச்சி ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "அந்தப் பெட்டியப் போடுங்க. நான் பாக்கணும்."

ஆடி மாசம். மழைக்காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று ஆளைத் தள்ளிக்கொண்டு அடிக்கிற காலம் (இப்போது அங்கே முப்பந்தல் பக்கம் காடு மாதிரி காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை). கடல் மேலே அடுக்கெல்லாம் கலைந்துபோயிருக்கும். ரூபவாஹினி அந்த மாசத்தில் வருவதே அபூர்வம். ஆனாலும் சாயங்காலம் ஆனால் அப்பா மாடியில். பாட்டா ஜன்னலில். நான் டிவி முன்னால். பன்னிரண்டு வயது.

"வந்துட்டா?"

"இல்லப்பா."

"இப்போ?"

"புள்ளி புள்ளியா இருக்குப்பா. சத்தம் மட்டும் லேசா."

எதிர்வீட்டுக் கல்ஃப்காரரின் அம்மா, அம்மச்சி என்போம், தன் வீட்டில் வருகிறதா என்று பார்த்துவிட்டு ஓடிவந்து "கிட்டியோ?" என்று கேட்பார். அவர் மகன் துபாயில், எங்கள் சின்னப்பாட்டா கொழும்பில். தூரத்து வீட்டுக்குக் காத்திருப்பது எப்படி என்று அந்தத் தெருவில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

28-ஆம் தேதி வியாழக்கிழமை ராத்திரி, ஜனாதிபதி ஜெயவர்த்தனா டிவியில் பேசினார். கலவரம் தொடங்கி அன்றைக்குத்தான் நாட்டு மக்களிடம் முதல்முதலாகப் பேசுகிறார். எங்களுக்கு ஒரு சில விநாடிகள் ஒரு முகம் தெரிந்தது. வெள்ளை உடை. பிறகு மேலிருந்து கீழே கோடுகள் ஓடின. மறுபடி நிழல். சத்தம் வந்து வந்து போனது. அப்பா மாடியில் மழையில் நனைந்துகொண்டே பைப்பைக் கட்டிப் பிடித்து நின்றார். காற்றில் அது ஆடிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் முழுக்கப் போய்விட்டது.

ஆச்சி எழுந்திருக்கவில்லை. திரையில் புள்ளிகள் இரைந்துகொண்டிருக்க, பாட்டாவைப் பார்த்துக் கேட்டார்: "நம்ம ஆளுகளப் பத்தி ஏதாவது சொன்னானா?"

"சரியா கேக்கல" என்றார் பாட்டா. "காத்து."

ரொம்ப வருஷம் கழித்து, இங்கே மேல்படிப்புக்கு வந்து, யூனிவர்சிட்டி லைப்ரரியில் கிடைத்த ஒரு புத்தகத்தில் அந்தப் பேச்சைப் பற்றிப் படித்தேன். சிங்கள மக்களின் கோபத்தைப் பற்றிப் பேசினார். பிரிவினை கேட்பதைத் தடை செய்யச் சட்டம் வரும் என்றார் (ஆகஸ்டில் அரசியல் சட்டத்தின் ஆறாவது திருத்தமாக அது வந்தது). வீடு எரிந்தவர்களுக்கு, கொல்லப்பட்டவர்களுக்கு ஓர் ஆறுதல் வார்த்தை அதில் இல்லை. அன்றைக்குக் கடல் நன்றாக இருந்து, படம் கண்ணாடி மாதிரி வந்திருந்தாலும், ஆச்சி தேடியது வந்திருக்காது. பழியைக் காற்றின் மேல் போட்டோம். காற்று மேல் தப்பில்லை. இதைச் சொல்ல அப்போது ஆச்சி இல்லை, பாட்டாவும் இல்லை.

சின்னப்பாட்டா பிழைத்தார். பம்பலப்பிட்டியில் ஒரு பள்ளிக்கூடத்து முகாமில் சில வாரம் இருந்து, செப்டம்பரில் ஒரு கைப்பையோடு கரமனைக்கு வந்து சேர்ந்தார். முப்பது வருஷ உழைப்பு அந்தக் கைப்பை. அவர் வந்த மறுநாள் சாயங்காலம், சந்தோஷப்படுவாரே என்று நான் ஓடிப்போய் ரூபவாஹினி வைத்தேன். அன்றைக்குப் பார்த்து படம் அருமையாக வந்தது. யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள்.

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "அத அணைச்சிரு மக்கா" என்றார்.

மறு ஞாயிற்றுக்கிழமை அப்பா மாடி ஏறி, கிழக்கே பார்த்த ஆண்டெனாவைக் கழற்றி இறக்கினார். யாரும் ஒன்றும் பேசவில்லை. அந்த அலுமினியப் பைப்பில் ஆச்சி கொடியில் துணி உலர்த்தினார்.

அப்புறம் என்ன ஆச்சு

1984-ல் நாளுக்கு ஒரு டிரான்ஸ்மிட்டர் என்ற வேகத்தில் தூர்தர்ஷன் நாடு முழுக்கப் பரவியது. 1985 ஜனவரி 1 முதல் குடப்பனக்குன்னு நிலையத்திலிருந்து மலையாள நிகழ்ச்சிகள் வரத் தொடங்கின. எங்கள் தெருவில் அன்றைக்குத் திருவிழாதான். எங்களுக்கும் சந்தோஷம், மலையாளமும் எங்கள் பாஷைதானே. தமிழுக்குக் கொடைக்கானல் டவர் வந்தது. நாகர்கோவில் சித்தி வீட்டில் வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' தெரியும். எங்கள் வீட்டில் தெரியாது. தூரம் வெறும் 200 கிலோமீட்டர்தான், ஆனால் நடுவே மலை. கடல் கடத்திக் கொடுத்ததை மலை தரவில்லை. லீவுக்கு நாகர்கோவில் போனால் வெள்ளிக்கிழமையைத் தாண்டித்தான் திரும்புவோம் :-)

1993 ஏப்ரலில் சன் டிவி, ஆகஸ்டில் ஏஷியாநெட். கேபிள் ஒயர் வீட்டுக்கு வந்ததும் ஆண்டெனாவை நிமிர்ந்து பார்க்க ஆளில்லை. காக்காய் உட்காரும் கம்பி ஆனது. 2004 டிசம்பரில் தூர்தர்ஷனே இலவச டிஷ் கொண்டுவந்தது. 2016 பிப்ரவரி 25-ல் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு பதினாறு நகரங்களில் தொடங்கியபோது அந்தப் பட்டியலில் தெற்கே சென்னையும் பெங்களூரும் இருந்தன. திருவனந்தபுரம் இல்லை. 1975 பட்டியலில் விட்டுப்போனது போலவே இதிலும். பழைய அனலாக் டவர்களை, முக்கியமான சில இடங்கள் தவிர, 2022-க்குள் அநேகமாக எல்லா ஊரிலும் நிறுத்திவிட்டார்கள்.

இலங்கைப் பக்கம், வன்னியில் கொக்காவிலில் ரூபவாஹினி வைத்திருந்த டவர் 1990 போரில் அழிந்தது. 2011-ல் திரும்பக் கட்டினார்கள், 174 மீட்டர்.

அமெரிக்காவில் அனலாக் நின்றது 2009 ஜூன் 12-ல். பழைய டிவி வைத்திருப்பவர்களுக்குப் பெட்டி வாங்க வீட்டுக்கு இரண்டு கூப்பன், கூப்பனுக்கு நாற்பது டாலர் என்று அரசாங்கமே கொடுத்தது. டிஜிட்டலில் ஒரு வேடிக்கை, திரையில் தெரியும் சேனல் எண்ணும் உண்மையான அலைவரிசையும் வேறு வேறு. சிகாகோவில் 'சேனல் 2' என்று டிவி காட்டுவது உண்மையில் 12-ஆம் அலைவரிசையில் வருகிறது, 204 முதல் 210 மெகாஹெர்ட்ஸ். மற்றவை பெரும்பாலும் யுஎச்எஃப்பில். யுஎச்எஃப்புக்கு மட்டும் என்று விற்கிற தட்டை ஆண்டெனாவை ஜன்னலில் ஒட்டிவிட்டு 2 வரவில்லையே என்று குழம்புகிறவர்களுக்கு இதுதான் விடை. கொஞ்சம் நீளக் கம்பி வேண்டும். ஆண்டெனாவில் டிஜிட்டல் என்று ஒன்று கிடையாது, பழைய யாகியே போதும்.

இன்னொரு வித்தியாசம் முக்கியம். அனலாகில் சிக்னல் குறையக் குறைய படம் மங்கும், புள்ளி விழும், நிழல் விழும், ஆனால் ஏதோ ஒன்று இருக்கும். புள்ளிக்கு நடுவே முகத்தைத் தேடலாம். டிஜிட்டலில் அப்படி இல்லை. ஒரு அளவு வரை பளிச்சென்று படம், அதற்குக் கீழே கறுப்புத் திரை. ஆச்சிக்கு அந்த வாரம் டிஜிட்டல் டிவி இருந்திருந்தால், அந்தச் சில விநாடி முகம்கூடத் தெரிந்திருக்காது. நல்லதா கெட்டதா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நூல் பிடித்துப் பார்த்தது

ஆண்டெனா ஒருவழியாக சரியானது. ஸ்கேன் பண்ணியதில் ஐம்பது சேனலுக்கு மேல் வந்தது. அப்பா நியூஸ் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வரைபடம் எடுத்து, கரமனை வீட்டிலிருந்து பிதுருதலாகல உச்சிக்கு ஒரு கோடு இழுத்துப் பார்த்தேன். இத்தனை வருஷமாகத் தோன்றாத யோசனை.

மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கே நிற்கிறதே, மகேந்திரகிரி 1650 மீட்டருக்கு மேல் ஆயிற்றே, எப்படித் தாண்டியது என்று எனக்கு எப்போதும் சந்தேகம். கோடு மகேந்திரகிரிக்குக் கொஞ்சம் தெற்கே, சரியாக ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் போனது. மலையில் இயற்கை விட்ட ஒரு வாசல். 1809-ல் கும்பினிப் படை திருவிதாங்கூருக்குள் நுழைந்த வழி. நாங்கள் வருஷா வருஷம் நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு பஸ்ஸில் போன வழி. ஆடிக்காற்று போகும் அதே வழியில்தான் எங்கள் வீட்டுக்குப் படமும் வந்திருக்கிறது.

உற்சாகமாக அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

"இத உங்க பாட்டா அப்பமே சொல்லிட்டாரே" என்றார். "நான் மேல நிக்கும்போது கீழேருந்து அதத்தான சத்தம் போடுவாரு. 'கணவாயப் பாத்துத் திருப்பு, கணவாயப் பாத்துத் திருப்பு'ன்னு. நீ டிவி முன்னால இருந்த, உனக்குக் கேட்டிருக்காது."

கேட்கவில்லைதான். எனக்கு வந்ததெல்லாம் "வந்துட்டா" மட்டும்தான்.

என் பெண் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு, சின்னப்பாட்டா யார் என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் அவளிடம் நான் சொன்னதே இல்லை. அப்பா டிவியை நிறுத்திவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார். சாப்பாடு ஆறிப்போகும் வரை சொன்னார்.

உங்கள் வீட்டிலும் மாடியில் ஏறி நின்ற ஒருவர் இருந்திருப்பார். எந்தப் பக்கம் பார்த்துத் திருப்பினார், ஏன் திருப்பினார் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். ஃபோன் செய்து கேட்கும் தூரத்தில் அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.